ஒற்றை ரிங்

நெருப்பு அணைந்து, வெளியே வந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் எனக்கு ஒரே ஒரு ரிங் கொடுப்பார். நான் எடுக்க மாட்டேன். எடுக்கக்கூடாது. 'முழுசாக வெளியே வந்துவிட்டேன், நீ உன் வேலையைப் பார்' என்பதெல்லாம் அந்த ஒரு ரிங்கில் அடக்கம். எங்கள் ஸ்டேஷன் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். தீயணைப்புக்காரனைக் கட்டிக்கொண்டு வருகிறவளுக்கு மற்றவர்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமும் இதுதான்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது சைரன் அக்கா. அவள் கணவர் ஏணி வண்டி ஓட்டுகிறவர். ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் சைரன் ஊதுவதற்கு முன்னாலேயே அக்காவுக்குத் தெரிந்துவிடும், அதனால் அந்தப் பெயர். "ரிங் வந்தா எடுக்காதடி. அவங்களுக்கு ஹோஸ் பைப் சுருட்டணும், காத்து சிலிண்டர் மாத்தணும். நீ எடுத்தா பேச ஆரம்பிச்சுடுவே. நீ பேச ஆரம்பிச்சா அடுத்த நெருப்பே அணைஞ்சு போயிடும்" என்றாள். கல்யாணமான புதிதில் எனக்கு அது கோபமாக இருந்தது. இப்போது அந்த ரிங் வராமல் எனக்குச் சோறு இறங்காது. போன் அடித்ததும் என் பெண் "அப்பா வந்தாச்சு!" என்று கத்துவாள். நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். மெத்தைக் கிடங்கு ஒன்று எரிந்தது. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து, கூப்பிட்டுப் பார்ப்பதற்காக மாஸ்க்கைக் கழற்றியிருக்கிறார். உள்ளே யாரும் இல்லை. புகை மட்டும்தான் இருந்தது. அன்றைக்கும் ஒரு ரிங் ஒழுங்காக வந்தது.

அதற்கப்புறம் குளியலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு இருமுவார். தண்ணீர் ஓடினால் எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று போனை எடுத்து ஏதோ முக்கியமான சேதி பார்ப்பது போல் பார்ப்பார். எங்களுக்கு அப்படி யாரும் முக்கியமான சேதி அனுப்புவதில்லை. அந்தப் போனுக்கு லாக் கூடக் கிடையாது. பின்பக்கம் எங்கள் பெண் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்தான் அதில் இருக்கிற ஒரே விசேஷம்.

"டாக்டர்கிட்ட போகலாங்க."

"சளி."

"சளி இத்தனை நாள் இருக்குமா?"

"பிடிவாதமான சளி. உன்கூடவே இருக்குல்ல, பழகிடுச்சு."

இப்படித்தான் பேச்சை மாற்றுவார். நானும் சிரித்துத் தொலைத்துவிடுவேன். ஆனால் ஒரு நாள் காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடெல்லாம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

"ஆபீசர்கிட்ட சொல்லுங்க. மூச்சு சரியில்லைன்னு சொல்லுங்க. உள்ள அனுப்ப மாட்டாரு."

"அனுப்ப மாட்டாரு. போன் மேசையில உக்கார வெச்சுடுவாரு. அதுக்குப் பதிலா என்னை அலமாரியில வெச்சுப் பூட்டிடலாம்."

"அலமாரியில இருந்தாலும் எனக்கு இருப்பீங்களே."

அவர் ஷூ கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். தீத் தகவல் போன்களை எடுக்கிற அந்தப் போன் மேசையை அந்த ஆண்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அங்கே உட்காருகிறவரைப் பெயர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை, மேசைக்காரர் என்பார்கள். நல்ல மனிதர், ஒரு காலத்தில் எல்லாருக்கும் முன்னால் உள்ளே போனவர். இப்போது அவரைக் கேலி செய்ய மாட்டார்கள். கேலி செய்யாமல் விடுவதுதான் பெரிய அவமானம்.

"நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லுவேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பெண்டாட்டி போய்ச் சொல்லி வண்டியை விட்டு இறங்கினவன்னு பேர் வாங்கணுமா நான்? சனிக்கிழமை டியூட்டிக்குப் போனதும் முதல் வேலை அதுதான். நானே சொல்றேன். போதுமா?"

அந்தச் சனிக்கிழமைதான் எங்களுக்கு வகுப்பு. தீயணைப்பு வீரர்களின் குடும்பத்தார் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தரப் போகிறார்களாம். ஸ்டேஷன் மாடியில், வண்டிகள் நிற்கிற கொட்டகைக்கு நேர் மேலே இருக்கிற ஹாலில். கடைசியில் ஆபீசர் வந்து பேசுவார் என்றும் சொன்னார்கள். எனக்கு அது ஒன்றுதான் கணக்கு. என் வீட்டுக்காரர் சொல்லாமல் மென்று விழுங்கியிருந்தால், ஆபீசரை நானே பிடித்துச் சொல்லிவிடுவது. வீட்டில் சண்டை வந்தால் வரட்டும். சண்டை போடவாவது ஆள் இருக்க வேண்டும்.

படிக்கட்டுக்குக் கீழே அவரைப் பிடித்தேன். வண்டிக் கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"ஆபீசர் மீட்டிங்ல இருக்காரு. உன் கிளாஸ் முடியறதுக்குள்ள சொல்லிடறேன். போ, போய் உன்னை நீ கவனிச்சுக்கோ."

பக்கத்தில் நின்ற மீசை சிரித்தான். அவருடைய ஜோடி அவன். நெருப்புக்குள் இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள், இவர்கள் இரண்டு பேரும் ஒரு ஜோடி. வயதில் சின்னவன், மீசை மட்டும் பெரியது. "அண்ணி, எங்களுக்கும் ரெண்டு பிஸ்கட் எடுத்துட்டு வாங்க" என்றான்.

வகுப்பெடுக்க வந்த ஆலோசகர் அம்மாவுக்கு நல்ல குரல். கோபப்படவே தெரியாத குரல். முதல் வேலையாக ஒரு கூடையைக் கொண்டுவந்து எல்லோருடைய போனையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். "இந்த நேரம் உங்களுக்கான நேரம். கொஞ்ச நேரம் யாருக்காகவும் காத்திருக்காம இருந்து பாருங்க" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கூடை மேசைமேல் இருந்ததால் கொடுத்தோம். அறைக்கு வெளியே கொண்டுபோயிருந்தால் கலவரமே நடந்திருக்கும்.

நன்றாகத் தூங்குங்கள், நடந்துவிட்டு வாருங்கள், பிடித்ததைச் செய்யுங்கள், கவலை வரும்போது கையை வேறு வேலையில் ஈடுபடுத்துங்கள், ஒரு செடியாவது வளருங்கள் என்றெல்லாம் சொன்னார். ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"செடி வெச்சேன் மேடம்" என்றாள் சைரன் அக்கா. "பெல் அடிச்ச போதெல்லாம் தண்ணி ஊத்தினேன். அழுகிப் போச்சு."

ஹாலே சிரித்தது. ஆலோசகரும் சிரித்துவிட்டார். அப்புறம் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். மூச்சைப் பற்றிச் சொல்லித்தரப் போவதாகச் சொன்னார். "மூச்சை மெதுவா இழுங்க. வயிறு நிறையணும். பிடிங்க. இப்ப மெதுவா விடுங்க. உலகத்துல யாரும் உங்ககிட்ட இருந்து பிடுங்க முடியாத ஒண்ணு உங்க மூச்சு."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். என் வீட்டில் அதைத்தான் புகை பிடுங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் கீழே பெல் அடித்தது.

வெளியாட்களுக்கு அது ஒரு சத்தம். எங்களுக்கு அப்படி இல்லை. ஹாலில் ஒருத்தியும் மூச்சுவிடவில்லை. கீழே பூட்ஸ் ஓடுகிற சத்தம், கதவு அறைகிற சத்தம். மேசைமேல் இருந்த டீக் கோப்பைகள் நடுங்கின. முதல் தண்ணி வண்டி போனது. ஒரு வண்டி என்றால் குப்பை எரியும், கார் எரியும். இரண்டாவது வண்டியும் போனது. யாரும் அசையவில்லை. கடைசியில் கோப்பைகள் கிணுகிணுவென்று ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஏணி வண்டி. சைரன் அக்கா கண்ணைத் திறக்காமலேயே, "பெரிசு" என்றாள்.

ஆலோசகருக்கு ஒன்றும் புரியவில்லை. "கவனத்தை மூச்சுமேலயே வெச்சுக்கங்க" என்றார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். பெல் அடித்த உடனேயே ஓடியிருக்க வேண்டும். இரண்டாவது வண்டி இன்னும் சந்து முனையைத் தாண்டவில்லை, திரும்ப இடமில்லாமல் கொஞ்சம் தயங்கி நின்றது. அதில் அவர் தெரிந்தார். முதுகில் சிலிண்டர், மடியில் மாஸ்க். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்க மாட்டார். "என்னங்க!" என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தார். ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். ரிங் கொடுக்கிறேன் என்று அர்த்தம். வண்டி போய்விட்டது.

கீழே ஓடினேன். எங்கள் வழக்கத்தில் அதுவும் கூடாது. வண்டி போன பிறகு பெண்கள் போன் மேசைப் பக்கம் போய் நிற்கக்கூடாது. நின்றேன். ஆபீசரும் வண்டியோடு போய்விட்டார். மேசைக்காரர் ஒயர்லெஸ்ஸில் குனிந்திருந்தார்.

"அவருக்கு மூச்சு சரியில்லை. உள்ள அனுப்ப வேண்டாம்னு ஆபீசர்கிட்ட சொல்லுங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. "தொழிற்சாலைம்மா. உள்ள ஆளுங்க மாட்டியிருக்காங்க. இப்ப ஒயர்லெஸ்ல நான் இதைச் சொன்னா..." என்று இழுத்தார். அதற்குள் கரகரவென்று ஒரு குரல் வந்தது. கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "முதல் ஜோடி உள்ள போயாச்சும்மா. உன் வீட்டுக்காரரும் மீசையும்."

எப்படி மாடி ஏறினேன் என்று தெரியவில்லை. ஆலோசகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, "உங்க கையில என்ன இருக்கோ அதை மட்டும் பாருங்க. மத்தது எதுவும் உங்க கையில இல்லை" என்றார். என் கையில் ஒரு பிஸ்கட் இருந்தது. எப்போது எடுத்தேனோ தெரியாது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சைரன் அக்கா எழுந்து போய்க் கூடையை மேசைமேல் கவிழ்த்துவிட்டாள். போன்களையெல்லாம் முகம் தெரிகிற மாதிரி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சத்தத்தை ஏற்றினாள். "மன்னிச்சுக்கங்க மேடம். நீங்க சொன்னது எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்கு மூச்சு இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள். ஆலோசகரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையைச் சுற்றி எங்களோடு உட்கார்ந்துகொண்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. யாரோ ஒருத்தி மட்டும் எழுந்து அடிக்கடி பாத்ரூம் போய்வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வாயில் வந்ததையெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டினேன். பொய்யர், பிடிவாதக்காரர், என்னைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் இப்படிச் செய்வாரா. திட்டித் தீர்ந்ததும், வந்துவிடுங்கள், வந்தால் போதும் என்று கெஞ்சினேன்.

முதலில் அடித்தது சைரன் அக்கா போன். ஒரு ரிங். நின்றது. அக்கா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கிழவன் பொழைச்சான்" என்றாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மேசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடிக்க ஆரம்பித்தது. எல்லாம் ஒற்றை ரிங். ஒவ்வொருத்தியாக நாற்காலியில் சாய்ந்தார்கள்.

என் போன் அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். என்னைப் பார்க்காமல் இருக்கப் பிரயத்தனப்பட்டார்கள். போனை எடுத்துச் சத்தம் ஏறியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன்.

அப்புறம் அடித்தது. அவர் பெயர்தான். ஒரு ரிங். நின்றது.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அழுதேன், சிரித்தேன், கையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றேன், இன்னொன்றும் எடுத்துத் தின்றேன். ஆறின டீயைக் குடித்தேன். "மேடம், அந்த மூச்சை இப்ப சொல்லித் தாங்க" என்றேன். எல்லோரும் கண்ணை மூடினோம். இழுத்தேன், வயிறு நிறைய. பிடித்தேன். விட்டேன். மெத்தைக் கிடங்கு எரிந்த நாளுக்குப் பிறகு அப்படி ஒரு மூச்சு நான் விட்டதில்லை. "பாத்தீங்களா, முகமே மாறிப்போச்சு. இதுதான், இவ்வளவுதான்" என்று ஆலோசகர் என்னைக் காட்டிச் சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கோப்பைகள் மறுபடி நடுங்கின. வண்டிகள் வந்துவிட்டன. மீசை கேட்ட பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதலில் நாலு திட்டு, அப்புறம் ஆபீசர் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

இரண்டாவது வண்டியிலிருந்து மீசை இறங்கினான். முகமெல்லாம் கரி. அவனுக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை. அவன் கையில் ஒரு போன் இருந்தது. பின்பக்கம் பட்டாம்பூச்சி ஒட்டிய போன்.

"அவர் எங்க?"

"அண்ணி... ஒண்ணும் இல்ல அண்ணி. சும்மா செக்கப்புக்கு... ஆம்புலன்ஸ்ல..."

"ரிங் வந்துச்சே?"

மீசை தலையைக் குனிந்துகொண்டான். பெரிய மீசை நடுங்கியது. "மாடியில இருந்து ரெண்டு பேரைத் தூக்கிட்டு வந்தோம். வெளிய வந்ததும் அண்ணன் விழுந்துட்டாரு. மூச்சு வரல. பேச முடியல அண்ணி. ஒத்த விரலை மட்டும் தூக்கிக் காட்டினாரு. எனக்கு முதல்ல புரியல. மறுபடியும் காட்டினாரு. அப்புறம்தான் புரிஞ்சுது. வண்டியில இருந்து போனை எடுத்து அடிச்சேன்."

அவர் தரையில் கிடந்து மூச்சுக்குத் தவித்த நேரத்தில்தான் நான் கண்ணை மூடி வயிறு நிறைய மூச்சு இழுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜனோடு கிடந்தார். என்னைப் பார்த்ததும் அதைக் கொஞ்சம் விலக்கிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ரிங் வந்துச்சா?"

அறையலாம் போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. "வந்துச்சு" என்றேன். திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்காகச் செய்த நல்ல காரியம் என்று நினைத்திருக்கிறார் அந்த மனிதர்.

வராந்தாவில் ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், மாடிப்படி, ஷூ கயிறு, ஒன்று விடவில்லை. "மேசைக்கு மாத்திடலாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார். மாற்றினார். என் வீட்டுக்காரர் மேசையில் உட்கார்ந்திருந்த நாட்களில் வீட்டில் என்னோடு பேசவில்லை. பெல் அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறாராம், வண்டி போன பிறகும் நின்றுகொண்டே இருக்கிறாராம். பழைய மேசைக்காரர்தான் சைரன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். இருமல் குறைந்தது. டாக்டர் பரவாயில்லை என்றார். இரண்டு பேர் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போனார்கள், ஆள் பற்றவில்லை. ஒரு நாள் ஆபீசர், "இன்னிக்கு மட்டும் வண்டியில ஏறிக்கறியா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் என் பெண்ணைத் தூக்கிச் சுற்றினார். என்னோடு பேசினார். பிடிவாதமான சளி போய்விட்டது என்றார். நான் யாரிடம் போய் என்ன சொல்ல? ஆபீசரிடம் சொல்லியாகிவிட்டது. அவரிடம் சொல்லியாகிவிட்டது. சொல்லுவதற்கு ஆள் தீர்ந்துவிட்டது.

இன்றைக்கு மத்தியானம் பெல் அடித்தது என்று சைரன் அக்கா சொன்னாள். மூன்று வண்டியும் போயிருக்கிறது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே உதறித் திரும்பத் திரும்ப மடித்தேன். என் பெண் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

போன் அடித்தது. "அப்பா வந்தாச்சு!" என்றாள் பெண், தலையைத் தூக்காமலே.

அவர் பெயர் திரையில் தெரிந்தது. யாருடைய விரல் என்று தெரியவில்லை. நிற்பதற்குள் எடுத்துவிட்டேன்.

"அம்மா, எடுக்கக்கூடாதுல்ல!" என்று பெண் பதறி எழுந்தாள்.

எதிர்ப்பக்கம் மீசையின் குரல். "அண்ணி? ஏன் எடுத்தீங்க? ஒண்ணும் இல்ல அண்ணி. அண்ணன் முகம் கழுவிட்டிருக்காரு. அடிச்சு விடுன்னு சொன்னாரு."

அப்படித்தான் சொல்வான். அன்றைக்கும் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பான். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வண்டியின் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முழுசாகத் திறந்துவிட்ட குழாய். அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு இருமல் கேட்டது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து, மூச்சு முட்டுகிற இருமல்.

போகவே இல்லை அது. என்றைக்காவது ஒரு நாள் அவரை என்னிடமிருந்து கொண்டுபோகப்போவது அதுதான். ஆனால் இருமியது அவர்தான், அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"அப்பா வந்தாச்சு" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.